அடியில் படுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. வயது 31. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்து மாட்டுத்தாவணிக்கும் பரவைக்கும் கொண்டுவந்து போடுகிறேன். இதுவரை வாடகை வண்டிதான். இனி சொந்த வண்டி வாங்கலாம் என்று 2018 மாடல் பொலிரோ பிக்கப் ஒன்று பார்த்திருக்கிறேன். டி.என். 65 நம்பர். மீட்டர் 1,40,000 கிலோமீட்டர் காட்டுகிறது. புரோக்கர் 4,60,000 ரூபாய் சொல்கிறார். "இன்ஜின் வேலை இப்பத்தான் பார்த்தது, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்கிறார். அடியெல்லாம் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சுத்தமாக இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை அழுத்தினால் கரும்புகை வருகிறது. ஐம்பது அறுபதில் போகும்போது பின்னாலிருந்து 'ஊய்ங்' என்று ஒரு சத்தம். பின் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கின்றன. என் மச்சான், "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும், எடு" என்கிறார். எடுக்கலாமா? எடுத்தால் என்னென்ன செலவு வரும்?

பதில்:

தம்பி, வண்டியை நான் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதிலேயே முக்கால்வாசி தெரிந்துவிட்டது. நீங்கள் கவனித்த ஒவ்வொன்றும் சரியான கவனிப்பு. மச்சான் சொல்வது போலப் பழைய வண்டி என்றால் சத்தமும் புகையும் இருக்கத்தான் செய்யும். எந்தச் சத்தம், எந்தப் புகை என்பதில்தான் ஐயாயிரம் ரூபாய் வேலையா, அறுபதாயிரம் ரூபாய் வேலையா என்பது இருக்கிறது. இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் மேற்கொண்டு பணம் தராதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பிக்கப் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுதான். நான் கேட்பது, என்ன ஏற்றி ஓடியது என்று. கூரியர் பார்சல் ஏற்றிக்கொண்டு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி இன்னும் இரண்டு லட்சம் ஓடும். எம்-சாண்டும் கல்லும் ஏற்றி ஒரு லட்சம் ஓடிய வண்டியில் மிச்சம் இருப்பது பெயிண்ட்தான். ஆர்.சி. புத்தகத்துக் கணக்குப்படி ஏற்றக்கூடிய பாரம் ஒன்றே கால் டன்னிலிருந்து ஒன்றே முக்கால் டன்னுக்குள்தான் இருக்கும். மேலூர்ப் பக்கம் கல் ஏற்றப் போன வண்டி எதுவும் அந்தக் கணக்கில் நின்றதாக நான் பார்த்ததில்லை. அதனால் வண்டியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசக்கூடாது.

உங்கள் வண்டியின் பூர்வீகம் டி.என். 65. அது ராமநாதபுரம் மாவட்டத்து நம்பர். அந்தப் பக்கத்து வண்டி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. பரமக்குடியில் மிளகாய் மூட்டை ஏற்றின வண்டி என்றால் நானே வாங்கச் சொல்வேன். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று கடற்கரையில் மீன் ஏற்றின வண்டி என்றால் கதை வேறு. மீன் பெட்டியில் ஐஸ் உருகி வழிவது உப்புத் தண்ணீர். அது பாடித் தகட்டின் இடுக்கு வழியாக இறங்கி வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மேல் சொட்டும். நீளச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேர்கிற மூலைகளில் மண் அடைத்திருக்கும். அந்த மண் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கேதான் துரு ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும். தூத்துக்குடிப் பக்கம் உப்பு ஏற்றின டி.என். 69 வண்டிக்கும் இதே கதைதான்.

இப்போது அந்தப் புதுக் கறுப்புப் பெயிண்ட்டுக்கு வருவோம். விற்கிறவர் கதவுக்கும் பானெட்டுக்கும் பெயிண்ட் அடித்தால் அது அலங்காரம். படுத்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் இல்லாமல் இருக்காது. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவதற்காக அடித்திருக்கலாம், அதுவும் வழக்கம்தான். மறைப்பதற்காகவும் அடித்திருக்கலாம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும்.

வண்டியை, அடியில் நின்று பார்க்கப் பள்ளம் (பிட்) உள்ள பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தரையில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். டார்ச் அடித்துக்கொண்டு, கேபினுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்துச் சட்டத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங் டங்' என்று சீராகக் கேட்கும். துரு தின்ற இடத்தில் சத்தம் அமுங்கி 'தொப்' என்று விழும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து அழுத்துங்கள். பெயிண்ட் மட்டும் பெயர்ந்தால் பரவாயில்லை. அதோடு சேர்ந்து இரும்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம், பின் ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனையும் சட்டத்தில் மாட்டியிருக்கும் பிராக்கெட். பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும். விரிசல் விட்டால் முதலில் அதைச் சுற்றித்தான் விடும். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தடிமனாக இருக்கிறதா, விரலால் தடவினால் வெல்டிங் மேடு தட்டுப்படுகிறதா, சட்டத்தின் மேல் இன்னொரு தகடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம், டீசல் டேங்கைக் கட்டியிருக்கும் பட்டி, இவற்றையும் விடாதீர்கள். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாயைத் தடவிப் பாருங்கள். உப்பு முதலில் தின்னும் மெல்லிய இரும்பு அதுதான். சொரசொரவென்று இருந்தால் முழு லைனையும் மாற்ற வேண்டும். அந்தக் குழாய், நீங்கள் பிரேக்கை அழுத்தி மிதிக்கிற அன்றைக்குப் பார்த்து வெடிக்கும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியின் பாடிக்கு அடியில் குனிந்தால் மீன் வண்டியா இல்லையா என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெயிண்ட் கடையில் அதற்கு மருந்து கிடையாது.

சேஸிஸில் பெரிய வெல்டிங், அல்லது துரு தின்ற ஓட்டை இருந்தால் என் பதில் ஒன்றுதான். விலையை மூன்று லட்சத்துக்கு இறக்கினாலும் வேண்டாம். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஹவுசிங் என்று எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் போனால் வண்டியே போனது. வெல்டிங் போட்டால் போட்ட இடம் நிற்கும், பக்கத்தில் இரண்டு விரல்கடை தள்ளி விரியும். அதன் பிறகு எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் உங்களுக்குக் காய்ச்சல் வரும்.

அடுத்தது டயரும் சத்தமும். நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே நோய் என்று படுகிறது.

முன் டயர் உள்பக்கம் தேய்ந்தால் அலைன்மென்ட், டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் என்று பத்துக் காரணம் சொல்லலாம். பின்பக்கம் அப்படி இல்லை. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஹவுசிங் ஒரே இரும்புக் குழல். அதில் அலைன்மென்ட் செய்ய எதுவும் இல்லை. பாரம் ஸ்பிரிங் பட்டை வழியாகக் குழலின் மேல் இறங்குகிறது, சக்கரங்கள் இரண்டு முனையிலும் தாங்குகின்றன. அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டே இருந்தால் குழல் நடுவில் தாழ்ந்து வளையும். அப்போது இரண்டு சக்கரத்தின் தலையும் உள்பக்கம் சாயும், டயர் உள்விளிம்பில் ஓடும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் பேரிங் ஆட்டம் என்று சந்தேகப்படலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்விளிம்பு தேய்ந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் ஹவுசிங் வளைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உறுதிப்படுத்துவது சுலபம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் இரண்டு டயருக்கும் நடுவே மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு டேப் வைத்துப் பாருங்கள். மேல் அளவு குறைந்தால் வளைவு உண்டு. கூடவே ஸ்பிரிங் பட்டையை எண்ணுங்கள். கம்பெனி வைத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தால் அதிகப் பாரம் ஏற்றியதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஹவுசிங் வளைந்தால் உள்ளே இருக்கும் கிரவுன், பினியன் என்கிற பல்சக்கர ஜோடி நேராகக் கடிக்காது. 'ஊய்ங்' சத்தம் அங்கிருந்து வரலாம். வீல் பேரிங்கும் இதே மாதிரி ஊளையிடும், அதனால் பிரித்துப் பார்க்க வேண்டும். அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், மறுபடி மிதியுங்கள். காலை எடுத்ததும் சத்தத்தின் ராகம் மாறினால், அல்லது நின்றால், கிரவுன் பினியன். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்து, வண்டியின் வேகத்துக்கு மட்டும் ஏறி இறங்கினால் வீல் பேரிங். வீல் பேரிங் என்றால் கூலியோடு ஒரு பக்கத்துக்கு மூவாயிரம், நாலாயிரத்தில் முடியும். கிரவுன் பினியன் செட், பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்தால் 25,000 முதல் 35,000 வரை. ஹவுசிங்கும் மாற்ற வேண்டும் என்றால் மொத்தமாக 40,000 முதல் 60,000. புதுக் கிரவுனை வளைந்த ஹவுசிங்கில் போட்டால் ஆறே மாதத்தில் அதே சத்தம் திரும்பி வரும். மலிவாகச் செய்து தருகிறேன் என்கிற பட்டறையில் இதைத்தான் செய்வார்கள்.

நான் இங்கே எழுதுகிற தொகையெல்லாம் மதுரைப் பட்டறைகளில் கேட்கிற தோராயம். கம்பெனிப் பொருளா, வெளிக்கம்பெனிப் பொருளா, ஷோரூமா, தெருவோரப் பட்டறையா என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். பேரம் பேசப் போகிறவருக்கு இந்த அளவு போதும்.

புகைக்குப் பயப்படாதீர்கள். கரும்புகை என்றால் டீசல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது, அவ்வளவுதான். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அதன் பிறகு டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸில் கீறல் இருக்கிறதா, கிளிப் தளர்ந்து எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்தது, புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு. கரி அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். இந்த வண்டியில் இருப்பது 2,523 சி.சி., நாலு சிலிண்டர், காமன் ரெயில் இன்ஜின். நாலு இன்ஜெக்டரையும் டெஸ்ட் பெஞ்சில் வைத்து எது கெட்டது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் சரிசெய்யலாம். ரீகண்டிஷன் செய்ய ஒன்றுக்கு மூவாயிரம் முதல் ஆறாயிரம், புதிது போட்டால் பத்தாயிரத்துக்கு மேல். எடுத்த எடுப்பில் நாலையும் மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். வாங்குவதற்கு முன்பே ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சில நூறு ரூபாய்தான். டாஷ்போர்டில் விளக்கு எரியாவிட்டாலும் பழைய கோளாறுகள் பதிவாகியிருக்கும். அதை யாராவது நேற்றுத்தான் அழித்திருந்தால், அதையும் அனுபவம் உள்ள ஆள் கண்டுபிடித்துவிடுவார்.

நீலப் புகை என்றால்தான் கவலை. ஆயில் எரிகிறது என்று அர்த்தம். நீங்கள் அப்படி எழுதவில்லை. ஆனாலும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் பார்க்காமல் சொல்ல முடியாது. புரோக்கரிடம் எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள், அன்றைக்குத் திரும்பிவிட்டு இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்த இன்ஜின் ஒரே செல்ஃபில் பிடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடியுங்கள். லேசாகக் காற்று வந்தால் சரி. குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவரான போரும் தேய்ந்துவிட்டன. டிப் ஸ்டிக்கைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி அடித்தால் இன்னும் மோசம்.

"இன்ஜின் வேலை இப்பத்தான் பார்த்தது" என்பதை விலையைக் கூட்டும் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அதைக் கேட்டால் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். முதல் கேள்வி, என்ன வேலை? ரிங்கும் கேஸ்கெட்டும் மட்டும் மாற்றிவிட்டும் இன்ஜின் வேலை என்பார்கள். லேத்துக்குப் போய் போர் போட்டு, ஸ்லீவ் மாற்றி, புது பிஸ்டன் செட், பேரிங், ஹெட் ஃபேசிங், வால்வு கிரைண்டிங் எல்லாம் செய்தாலும் இன்ஜின் வேலைதான். முதலாவது பதினைந்து இருபதாயிரம், இரண்டாவது 70,000 முதல் 1,10,000 வரை. முழு வேலை செய்தவர் கையில் லேத் பில்லும் ஸ்பேர்ஸ் பில்லும் கட்டாயம் இருக்கும். அவ்வளவு பணம் செலவழித்துவிட்டு யாரும் பில்லைக் கிழித்துப் போடமாட்டார்கள். பில் இல்லை என்றால் வேலையும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி, ஏன் வேலை வந்தது? நிஜமாகவே 1,40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால், நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால், இந்த இன்ஜினுக்கு அதற்குள் வேலை வரக்கூடாது. சூடேறி, இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருக்கலாம். சூடேறக் காரணமான ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் மாற்றாமல் இன்ஜினை மட்டும் பார்த்திருந்தால் அந்த வேலை உங்கள் கையில் மறுபடி வரும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த பிறகு திறந்து பாருங்கள். கூலன்ட் பச்சையோ சிவப்போ தெளிவாக இருக்க வேண்டும். வெறும் போர்வெல் தண்ணீரும் செம்மண் நிறமுமாக இருந்தால் அந்த வண்டிக்காரர் மற்ற எதையும் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

மீட்டர் கணக்கும் எனக்கு ஒத்துவரவில்லை. தினம் நூறு கிலோமீட்டர் ஓடினாலே, மாதம் நாலு நாள் லீவு போக, வருடத்துக்கு 30,000-க்குப் பக்கம் வரும். ஏழு வருடத்தில் இரண்டு லட்சம் தாண்டியிருக்க வேண்டும். வியாபார வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்காது. மீட்டரைத் திருப்பியிருக்கலாம், அல்லது மாதக்கணக்கில் பட்டறையில் கிடந்திருக்கலாம். கிளட்ச் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம், கியர் ராடின் குமிழ், இவை பொய் சொல்லாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். உரிமையாளரையும் கூடவே கூட்டிப் போனால் நல்லது.

மற்றதெல்லாம் சில்லறை. கிளட்ச் செட் கூலியோடு 8,000 முதல் 12,000. பின் லைனர், முன் பேட், வீல் சிலிண்டர் என்று பிரேக் முழுவதும் பார்த்தால் பத்தாயிரத்துக்குள். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் கிராஸ் மூட்டு போயிருந்தால் கிளட்சை விட்டதும் 'டக்' என்று கேட்கும், ஒன்று ஆயிரம் ரூபாய்தான். சென்டர் பேரிங் இரண்டாயிரம், மூவாயிரம். இரண்டாவது கியர் விழும்போது கடித்தால், அல்லது இறக்கத்தில் கியர் தானாக வெளியே வந்தால், கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 20,000 முதல் 35,000. டர்போ ரீகண்டிஷன் பத்தாயிரத்தை ஒட்டி, புதிது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பேட்டரி ஏழாயிரம். டயர் ஒன்று எட்டாயிரத்து ஐந்நூறு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வண்டிக்குக் கணக்குப் போடுவோம். பின் ஹவுசிங், கிரவுன் வேலைக்கு 40,000 முதல் 60,000. பின் டயர் இரண்டுக்கு 17,000. கிளட்ச் பத்தாயிரம், பிரேக் எட்டிலிருந்து பத்து. புகைக்கு ஐயாயிரத்தில் முடியலாம், இருபதும் ஆகலாம். எஃப்.சி.க்காகப் பெயிண்ட், டிங்கரிங், விளக்கு, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று 15,000 முதல் 20,000. கூட்டினால் 95,000-த்தில் ஆரம்பித்து 1,37,000 வரை போகிறது. இதில் இன்ஜினைச் சேர்க்கவில்லை, டர்போவைச் சேர்க்கவில்லை. ஆகவே சேஸிஸ் சுத்தமாக இருந்து, இன்ஜின் பில்லும் கைக்கு வந்தால், 3,40,000 வரை கேட்கலாம். 3,50,000-க்கு மேல் ஒரு ரூபாய் கூட ஏறாதீர்கள். மிச்சப் பணத்தை வங்கியில் போட்டுவைத்து, வாங்கின முதல் மாதமே வேலையை முடித்துவிடுங்கள். ஓட்டிச் சம்பாதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினால், அறுவடைக் காலத்தில் நட்ட நடு ராத்திரி வத்தலக்குண்டு ரோட்டில் தக்காளிப் பெட்டிகளோடு நிற்பீர்கள். காய்கறிக்காரருக்கு ரிப்பேர் பில்லைவிட அன்றைய சரக்கு அழுகினதுதான் பெரிய நஷ்டம், உங்களுக்குத் தெரியாததா?

பேப்பர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, அபராத பாக்கி பாருங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான ஃபார்ம் 35-ம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று) கையில் வாங்காமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் நீங்களே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், இன்ஜின் வேலை பார்த்தது என்று சொல்கிற வண்டியில் வேறு இன்ஜினே உட்கார்ந்திருப்பதும் உண்டு. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதன் பிறகு வருடா வருடம். 2018 மாடலுக்கு அந்த எல்லை வந்துவிட்டது. ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை, மேலே இருந்தால் பெர்மிட்டும் பெயர் மாற வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். மாற்றாமல் வண்டி மோதினால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். இந்த வகை வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி வருடத்துக்கு 16,049 ரூபாய், வரி தனி. இதையும் கணக்கில் சேருங்கள். இன்னொன்று, வாங்கின பிறகு நீங்களும் அதிகப் பாரம் ஏற்ற ஆசைப்படாதீர்கள். பிடித்தால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஏற்றின ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

வேறு வண்டி பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் லோடு தினம் ஒரு டன்னுக்குள்தான் என்றால் அசோக் லேலண்ட் தோஸ்த்தையும் பாருங்கள். மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் இன்ஜின்தான், டீசல் கொஞ்சம் மிச்சமாகும். ஒன்றரை டன் தாண்டும் என்றால் பொலிரோவோ டாடா யோதாவோதான் சரி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ்.6 என்கிற புதுப் புகை விதிப்படி வந்த வண்டி பழையதாக வந்தால் புகைக்குழாய்ப் பக்கம் இருக்கும் வடிகட்டி, சென்சார் எல்லாவற்றையும் ஸ்கேனரில் பார்க்காமல் எடுக்காதீர்கள். அது அடைத்தால் செலவு பி.எஸ்.4 வண்டியில் நீங்கள் நினைத்தே பார்க்காத அளவுக்குப் போகும். உங்கள் பட்ஜெட்டுக்கு 2018, 2019 பி.எஸ்.4 சரியான தேர்வுதான். நீங்கள் பார்த்த அந்த ஒரு வண்டியில்தான் எனக்குச் சந்தேகம்.

கடைசிச் சோதனை லோடு ஏற்றி ஓட்டுவது. காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். புரோக்கரிடம் சொல்லி ஒரு டன் ஏற்றி, உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிற ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். மூன்றாவது கியரில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டக்கூடாது. மேலே போய் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தால் இன்ஜெக்டரோ பம்போ பலவீனம். இறங்கும்போது கியர் வெளியே வருகிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள்.

பிட்டில் ஏற்றவும் லோடு போடவும் புரோக்கர் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுங்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தினமும் நிற்கிறவர் நீங்கள். டி.என். 57, டி.என். 60 நம்பரில் காய்கறி மட்டுமே ஏற்றி ஓடுகிற வண்டிகள் அங்கேயே உங்கள் கண் முன்னால் வந்து போகின்றன. யார் வண்டி, யார் ஓட்டுகிறார், என்ன ஏற்றுகிறார் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த டிரைவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். புது வண்டி எடுக்க நினைக்கிற முதலாளி யாராவது இருந்தால் புரோக்கர் கமிஷன் இல்லாமலே உங்களுக்குத் தகவல் வந்துவிடும். அப்போதும் சுத்தியலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.